இடையன்குடி கால்டுவெல் ஐயர்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு குடும்பத்து மொழிகள் என்னும் உண்மையை உலகம் ஏற்கும் வண்ணம் விரித்து நிறுவியவர் டாக்டர் கால்டுவெல் ஐயர். அவர் இயற்றிய ஒப்பிலக்கணத்தின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். அந்நூலுக்குரிய செய்திகளை அவர் பல்லாண்டு திரட்டிய இடம், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் செம்மணற் காட்டிடையே அமைந்த இடையன்குடி என்னும் சிற்றூராகும். அங்கே சமய குருவாக வந்து, மனைவி மக்களோடு குடியிருந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அவ்வூர் மக்களின் இன்பத்திலும் துன்பத்திலும் பங்கு கொண்டார் அவர். கடல் கடந்து வந்த ஒருவர் வறண்டதொரு சிற்றூரைத் தம் ஊராக்கிக் கொண்ட வரலாறு, அறிஞராகிய அவர் வரலாற்றினும் சிறப்பிற் குறைந்ததன்று.

இளமை

அயர்லாந்து நாட்டில் ஆன்ட்ரிம் மாவட்டத்திலுள்ள கிளாடி என்னும் ஊரில், 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் இராபர்ட்டு கால்டுவெல் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து மரபினர், செல்வம் இல்லாதவர். பிள்ளை சிறுவனாயிருந்தபோதே அக்குடும்பம் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. வறுமையின் காரணமாக இளமையிலேயே உழைத்துப் பொருளீட்டும் நிலை அவருக்கு வாய்த்தது. எனினும் கிடைத்த நூல்களையெல்லாம் தாமே கற்று அறிவைப் பெருக்கிக் கொண்டார்.

பதினாறாம் வயதையொட்டி, அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் வாழ்ந்த தம் தமையனாரிடம் சென்று தங்கி ஓவியக் கலை பயின்றார். கோடும் வண்ணமும் கற்ற அக்கைகள் பின்னாளில் ஒரு கோயிலுக்கு வரைபடம் எழுதப் போகின்றன என்பதை அன்று எவர் அறிவார்? சில ஆண்டுகளில் அவர் உள்ளம் சமயத் தொண்டின்பால் திரும்பிற்று. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்து, கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். அங்குக் கிரேக்க மொழி கற்பித்த டேனியல் சாண்ட்போர்டு என்னும் பேராசிரியர், ஒரு மொழியை மற்றொரு மொழியோடு ஒப்பிட்டு நோக்கும் முறையை மாணவர்க்கு எடுத்துரைத்து வந்தார். அவ்வித்து கால்டுவெல் உள்ளத்தில் ஆழ விழுந்தது. அது முளைத்து வளர்ந்த நிலம் தமிழ் நிலமே.

கடற்செலவு

1837ஆம் ஆண்டில் சென்னையை நோக்கிக் கப்பலேறினார். புறப்பட்ட சின்னாளில் அக்கப்பல் பிரெஞ்சுக் கப்பலொன்றோடு மோதிற்று. பிரெஞ்சுக் கப்பல் கடலில் மூழ்கிற்று. அதில் இருந்தவருள் மிகச் சிலரே உயிர் பிழைத்தனர். கால்டுவெல் ஏறிய கப்பல் பழுது நீக்கப் பெற்று மீண்டும் புறப்பட்டது. அதே கப்பலில், தெலுங்கு மொழிக்கு அகராதியும் இலக்கணமும் இயற்றிப் புகழ் பெற்ற பிரவுன் துரையும் வந்து கொண்டிருந்தார். பல திங்கள் நீண்ட அக்கடற்செலவில் இந்நாட்டு மொழிகளைப் பற்றியும் மக்களின் வழக்கங்களைப் பற்றியும் அவரிடம் பல செய்திகளைக் கேட்டறிந்தார் கால்டுவெல். 1838ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் சென்னையில் கரையிறங்கினார். அப்பொழுது அவருக்கு அகவை இருபத்து மூன்று.

சென்னையில் மூன்றாண்டுக்கு மேல் தங்கித் தமிழ் பயின்றார். தமிழ் - ஆங்கில அகராதியால் பெயர் விளங்கிய வின்சுலோ, திருக்குறளையும் திருவாசகத்தையும் பின்னாளில் ஆங்கிலத்தில் பெயர்த்த போப்பு ஆகியோரின் நட்பு அங்கே கிடைத்தது. ஆயினும் நகரில் நூல் வழியாகக் கற்ற தமிழ் வேறு, நாட்டுப்புறத்தில் உழவனும் பனையேறியும் பேசும் தமிழ் வேறு என்பதை விரைவில் உணர்ந்தார். மக்களிடையே தொண்டாற்ற விரும்புபவர் மக்கள் வாழும் இடத்திற்கே செல்லல் வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு வலுப்பட்டது.

நடந்து கண்ட நாடு

1841ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்துத் திருச்சபையோடு இணைந்த எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்து, திருநெல்வேலிச் சீமைக்குச் செல்ல இசைந்தார். அக்காலத்தில் இருப்புப் பாதை இல்லை. ஐரோப்பியர் பல்லக்கிலோ குதிரையிலோ செல்வதே வழக்கம். கால்டுவெல் அவ்வழக்கத்தை விட்டு, நடந்தே செல்வதெனத் துணிந்தார். நாட்டையும் மக்களையும் கண்ணாரக் காணவேண்டும், அவர்கள் பேச்சைக் காதாரக் கேட்கவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

சென்னையினின்று சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களின் வழியே பல நூறு மைல் நடந்தார். நீலகிரி மலை மீது ஏறி, உதகமண்டலத்தில் தங்கியிருந்த சென்னை அத்தியட்சர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்றார். அங்கிருந்து இறங்கிக் கோவை, மதுரை வழியாகத் தெற்கு நோக்கி நடந்து, 1841ஆம் ஆண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். தண்டமிழ் நாட்டின் வயலும் காடும், மலையும் மணலும், கோயிலும் குளமும் அந்நெடுவழியில் அவருக்குப் பாடநூலாய் அமைந்தன. ஊருக்கு ஊர் சொல்லும் ஒலியும் மாறுபடுவதை அவர் செவி நுனித்துக் கேட்டது.

தேரி நாடு

திருநெல்வேலிச் சீமை என்றவுடன் தண்பொருநை பாயும் செழுங்கழனிகளே நம் நினைவுக்கு வரும். இடையன்குடியோ அந்நீர்வளம் எட்டாத தென்கிழக்குப் பகுதியில், உவரிக் கடற்கரைக்கு அணித்தாக அமைந்தது. அவ்வட்டாரத்தில் செந்நிற மணல் மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். அதனைத் தேரி என்பர். ஆனி, ஆடித் திங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே வீசும் மேல்காற்று அம்மணலை வாரித் தூற்றும். நேற்று வழியாயிருந்த இடம் இன்று மேடாகும். உண்ணும் உணவிலும் உடுக்கும் உடையிலும் மணல் படியும்.

அந்நிலத்தில் தளராது நிற்பது பனை ஒன்றே. அங்கு வாழ்ந்தாருட் பெரும்பாலோர்க்குப் பனையே உயிர்த் துணை. பதனீர் இறக்கும் பருவத்தில் ஒருவர் நாள்தோறும் முப்பது, நாற்பது மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்குவர். மரத்தின் உச்சியில் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுவது ஆடவர் தொழில்; இறக்கிய பதனீரை விடிலியில் பெரும்பானையிலிட்டுக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது மகளிர் தொழில். கால் தவறினால் உயிர் தங்காது. இத்துணை உழைத்தும், கடன்பட்டோர் தம் கருப்பட்டியை வணிகர் வைத்த விலைக்கே விற்க நேர்ந்தது. எழுத்தறிவு மிகச் சிலர்க்கே இருந்தது. பெண்களுக்கோ அது கனவிலும் இல்லை.

கால்டுவெல் வருமுன்பே அவ்வூரில் கிறிஸ்தவர் சிலர் இருந்தனர். ஆயினும் மொழியாலும் நிறத்தாலும் வேறுபட்ட இளைஞர் ஒருவர் தம் நடுவே வந்து தங்கியதைக் கண்டு மக்கள் வியந்தனர். அவர்தம் பேச்சை இவர் முற்றும் உணர்ந்திலர். இவர்தம் ஏட்டுத் தமிழை அவர்கள் முற்றும் உணர்ந்திலர். தனியராய் வாழ்ந்த அம்முதல் ஆண்டுகள் அவருக்குப் பெருஞ் சோதனையாகவே இருந்தன.

இல்லத் துணை

1844ஆம் ஆண்டில் அவர் எலிசா மால்ட்டு என்னும் மங்கையை மணந்தார். எலிசா அம்மையாரின் தந்தை சார்லசு மால்ட்டு ஐயர், 1819ஆம் ஆண்டு முதல் நாகர்கோயிலில் சமயத் தொண்டு புரிந்தவர். தாயார் மார்த்தா அம்மையார் அங்குப் பெண்களுக்குக் கல்வியும் ரேந்தைப் பின்னலும் கற்பித்தவர். இங்ஙனம் நாஞ்சில் நாட்டிலே வளர்ந்தமையால் எலிசா அம்மையார்க்குத் தமிழ் இளமை முதலே பழகிய மொழியாயிற்று. கால்டுவெல் நூல்களைக் கொண்டு அரிதின் முயன்று கற்ற மொழியை, அம்மையார் தெருவிலும் அடுக்களையிலும் கேட்டே கற்றிருந்தார்.

ஆதலின், திருமணத்தின்பின் அவ்வில்லத்தில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற கணவர், பேச்சுத் தமிழில் தம் மனைவியாருக்கு மாணவராயினார். சொல்லின் ஓசை, உறவுமுறைப் பெயர்கள், பெண்டிர் பேசும் முறை, பெரியோரை விளிக்கும் முறை ஆகியவற்றை அம்மையார் வாயிலாக அறிந்தார். கல்வியில் தாழ்வு உயர்வு கருதாமல் அறிந்தாரிடத்துக் கேட்டுத் தெளிவதே கற்றோர்க்கு அழகு என்பதை அவர் தம் இல்லத்திலேயே மெய்ப்பித்தார்.

அம்மையார்க்கும் இடையன்குடி எளிதில் இசைந்த ஊராயிராது என்பது சொல்லாமலே விளங்கும். நாஞ்சில் நாடு நெல்லும் தென்னையும் செறிந்து, மலைச் சாரல் வந்து தவழும் பசிய நாடு. அங்கிருந்து வந்தவர் கண்ணுக்குச் செம்மணலும் கருங்கோல் போன்ற பனையுமே தென்பட்டன. தாய் வீடு நெடுந்தொலைவில் இல்லை எனினும், மண்ணும் காற்றும் முற்றும் வேறாயின. ஒத்த பழக்கமுடைய அயலார் அருகே இல்லை. இந்நிலையில் தனிமையை எண்ணி வருந்துவதை விடுத்து, ஊர்ப் பெண்களைத் தம் உறவினராகக் கொண்டார் அவர்.

அவர் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியை அமைத்து, தங்கிப் படிக்கவும் வழி செய்தார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று பலர் எண்ணிய காலம் அது. பெண் பிள்ளை பள்ளிக்குச் சென்றால் தம்பி தங்கையரைப் பார்ப்பவர் யார், விடிலியில் விறகு எடுத்துக் கொடுப்பவர் யார் என்னும் கவலை ஏழைப் பெற்றோர்க்கு இயல்பாகவே உண்டு. எழுத்தோடு கைத்தொழிலும் கற்பித்தலால் அக்கவலைக்கு ஒருவாறு மருந்து கிடைத்தது. தம் தாயாரிடம் கற்ற ரேந்தைப் பின்னலை அம்மையார் இடையன்குடிப் பெண்களுக்குப் பயிற்றினார். சிறு மெத்தை மீது கோலத்தைப் பரப்பி, கோலத்தின் வழியே ஊசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் பின்னுவது அத்தொழில். கண்ணும் கையும் சிறிதும் பிறழாத பொறுமை அதற்கு வேண்டும். தம் கையால் ஈட்டிய காசு, பெண்களுக்குத் தம் வீட்டிலேயே ஒரு மதிப்பைத் தந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் அம்மையார் அப்பகுதி மகளிரிடையே உழைத்தார்.

கால்டுவெல் இணையருக்கு மக்கள் எழுவர். சமய குருவின் இல்லம் எந்நேரமும் பிறர் வந்து செல்லும் இல்லமாகவே இருக்கும். நோயுற்றவர் மருந்து வேண்டி வருவர். வழக்குடையார் நடுவு கேட்டு வருவர். கடன்பட்டவர் கண்ணீரோடு வருவர். அத்தகைய இல்லத்தில் குழந்தைகளை வளர்த்து, பள்ளியையும் நடத்தி, கணவரின் ஆராய்ச்சிக்கும் இடையூறின்றி ஓய்வு அமைத்துத் தந்த அம்மையாரின் தொண்டு நூலேடுகளில் மிகுதியாக எழுதப்படவில்லை. ஆயினும் ஒப்பிலக்கணத்தின் ஒவ்வொரு பக்கத்தின் பின்னும் அவர் உழைப்பு மறைந்து நிற்கின்றது எனலாம். பெற்றோர் மேற்கொண்ட பணி அக்குடும்பத்தில் அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தது. மருமகனாராகிய வையட்டு ஐயரும் அச்சங்கத்திலேயே தொண்டாற்றினார். கால்டுவெல் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளை 1894ஆம் ஆண்டில் பதிப்பித்தவரும் அவரே.

ஊரும் கோயிலும்

ஒழுங்கின்றிக் கிடந்த குடிசைகளுக்கிடையே நேரிய தெருக்கள் வகுப்பித்தார் ஐயர். கிணறுகள் தோண்டுவித்தார், நிழல் தரும் மரங்களை நடுவித்தார். சுற்றுப்புறச் சிற்றூர்களில் பள்ளிகளை ஏற்படுத்தினார். மணலில் நடந்தே ஊர்தோறும் சென்று, அப்பள்ளிகளைக் கண்காணித்தார்.

1847ஆம் ஆண்டில் இடையன்குடியில் திரித்துவ ஆலயத்துக்குக் கால்கோள் செய்தார். வரைபடம் எழுதியவரும் அவரே. கூர்மாட வளைவுகளும் உயர்ந்த சாளரங்களும் அமைந்த அத்தகைய கட்டடம் அவ்வூர்க் கொத்தர்க்குப் புதிது. ஆங்காங்குப் பொருள் முட்டுப்பட்டு வேலை நிற்பதும், பின்னர்த் தொடர்வதுமாக ஆண்டுகள் கழிந்தன. 1880ஆம் ஆண்டு சூலை மாதம் 6ஆம் நாள்தான் அக்கோயில் திறப்புவிழாக் கண்டது. கால்கோளுக்கும் திறப்புக்கும் இடைப்பட்ட காலம் முப்பத்து மூன்று ஆண்டு! கடைக்கால் இட்டபோது இளைஞராயிருந்தவர், கதவு திறந்தபோது நரை மூத்த முதியவராயினார். தொடங்கிய வினையை இடையில் விடாத உறுதிக்கு அக்கோயில் கல்லால் ஆன சான்று.

கசந்த நூல்

பெரியோர் வாழ்விலும் பிழை உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு முறையன்று. இடையன்குடிக்கு வந்து எட்டாண்டு கழிந்தபின், 1849ஆம் ஆண்டில், அப்பகுதியில் பனைத்தொழில் செய்து வாழ்ந்த மக்களைப் பற்றி ஐயர் ஆங்கிலத்தில் சிறு நூல் ஒன்று எழுதினார். மேனாட்டார் அம்மக்கள் நிலையறிந்து உதவ வேண்டும் என்னும் கருத்து அதன்கண் இருந்தது. ஆயினும் அம்மக்களின் அறிவையும் வழக்கங்களையும் தாழ்த்தியுரைக்கும் பகுதிகள் அதில் மிகுதியாக இடம் பெற்றன. புறத்தேயிருந்து நோக்குவோர் விரைந்து செய்யும் முடிவுகள் எத்துணைப் பிழைபடும் என்பதற்கு அந்நூல் ஓர் எடுத்துக்காட்டாயிற்று.

பள்ளிகள் பெருகின, அம்மக்களின் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றனர். கற்றவர்கள் அந்நூலைப் படித்தபோது அவர்கள் நெஞ்சு புண்பட்டது. தம் முன்னோரின் பெருமையை நிலைநாட்டி மறுப்பு நூல்கள் எழுதினர். அரசினரிடமும் சங்கத்தாரிடமும் முறையிட்டனர். நூல் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது. ஐயரும் அவரையொத்த தொண்டரும் நிறுவிய பள்ளிகளில் பெற்ற கல்வியே, ஐயரின் சொல்லை மறுக்கும் ஆற்றலையும் அம்மக்களுக்கு அளித்தது என்பது எண்ணத்தக்கது. அச்சமூகத்தார் வணிகத்திலும் கல்வியிலும் பின்னர் அடைந்த ஏற்றம், எட்டாண்டுப் பழக்கத்தில் எழுதிய அம்முடிவுகளைப் பொய்யாக்கிற்று. ஒரு மக்களோடு வாழ்வது வேறு. அவர்களை அறிவது வேறு. அறிதற்கு வாழ்நாள் முழுதும் வேண்டும்.

ஒப்பிலக்கணம்

இடையன்குடி வாழ்வின் பெரும்பயனாய் விளைந்தது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். பகலெல்லாம் ஊர்ப்பணி, எஞ்சிய வேளையில் மொழியாராய்ச்சி. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அச்சேறாத காலம் அது. பழந்தமிழ் நூல்கள் பலவும் ஏட்டுச் சுவடிகளில் துயின்று கிடந்தன. கிடைத்த நூல்களையும் மக்கள் வாய்மொழியையும் துணையாகக் கொண்டே அவர் ஆராய்ந்தார். 1854ஆம் ஆண்டில் உடல் நலங் குன்றி இங்கிலாந்து சென்றபோது, திரட்டிய குறிப்புகளை ஒழுங்குபடுத்தி, 1856ஆம் ஆண்டில் இலண்டனில் அந்நூலை வெளியிட்டார். கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவர் ஆராய்ச்சி முறையை ஒரு சிறு சான்றால் அறியலாம். தமிழில் மூன்று எனப்படுவது கன்னடத்தில் மூறு எனவும், தெலுங்கில் மூடு எனவும், மலையாளத்தில் மூன்னு எனவும் வழங்குகின்றது. கண் என்னும் சொல் கன்னடத்தில் கண்ணு எனவும், தெலுங்கில் கன்னு எனவும் நிற்கின்றது. எண்ணுப் பெயரும் உறுப்புப் பெயரும் ஒரு குடும்பத்தாரின் முகச்சாயல் போன்றவை. அவற்றை எளிதில் பிற மொழியிலிருந்து கடனாகப் பெறுவதில்லை. சொற்களோடு நில்லாமல், வேற்றுமை உருபு, வினை விகுதி, இடப்பெயர் ஆகியவற்றையும் அடுக்கி ஒப்பிட்டு, இம்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல. தமக்கெனத் தனி மரபுடையவை என்று ஐயர் நிறுவினார். துளு, குடகு ஆகிய மொழிகளோடு, ஏட்டில் எழுதப்பெறாத தோடர், கோத்தர், கோண்டர் மொழிகளையும் இக்குடும்பத்தில் சேர்த்து ஆராய்ந்தமை அவர் தனிச் சிறப்பு.

அவருக்கு முன்னரே, 1816ஆம் ஆண்டில், சென்னையில் அரசியற் பணி புரிந்த எல்லிசு துரை தென்மொழிகளின் உறவைச் சுட்டியிருந்தார். அக்கருத்தை முழு இலக்கணமாக விரித்து உலக அறிஞர் அவைக்கு முன் வைத்தவர் கால்டுவெல். அவர் முடிவுகள் அனைத்தும் இன்று ஏற்கப்படுவதில்லை. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு இணைத்துக் கூறிய அவர் கருத்தைப் பின்வந்த அறிஞர் தள்ளினர். எனினும் அவர் இட்ட அடித்தளம் அசையவில்லை.

மொழியோடு வரலாற்றிலும் அவர் உள்ளம் தோய்ந்தது. பாண்டியரின் பழைய துறைமுகமாகிய கொற்கையிலும், வெனிசு நகரத்து மார்க்கோ போலோ கண்டெழுதிய காயலிலும் அகழ்ந்து ஆராய்ந்தார். 1881ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருமறையைத் தமிழில் திருத்தியமைத்த குழுவிலும் போவர் ஐயரோடு இருந்து உழைத்தார்.

பஞ்சமும் பதவியும்

1876ஆம் ஆண்டு தொடங்கி 1878ஆம் ஆண்டு வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது; கிணறுகள் வறண்டன; மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். பசியைத் தொடர்ந்து வாந்திபேதி வந்தது. அக்கொடுங்காலத்தில் கால்டுவெல் ஐயர் நூலாராய்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, பிறர் வழங்கிய அறப்பொருளை ஏழைகளுக்குச் சேர்ப்பிக்கும் பணியில் முனைந்தார்.

அப்பஞ்சத்தின் இடையிலே, 1877ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள், கல்கத்தாவில் அவர் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப் பெற்றார். பதவி உயர்ந்தது, இருப்பிடம் மாறவில்லை. மீண்டும் இடையன்குடிக்கே வந்து பணியைத் தொடர்ந்தார். சில ஆண்டுகளின்பின், கல்லூரிப் பணியின் பொருட்டு 1883ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர நேர்ந்தது. அத்துறைமுக நகரில் வாழ்ந்தபோதும், தாம் வகுத்த தெருக்களும் கட்டிய கோயிலும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இறுதி

1891ஆம் ஆண்டு சனவரித் திங்களில் முதுமையின் காரணமாகப் பணியினின்று ஓய்வு பெற்றுக் கோடைக்கானல் மலையில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு அகவை எழுபத்தேழு. அவர் பூதவுடலை மலையினின்றும் இறக்கி, நெடுந்தொலைவு கொணர்ந்து, இடையன்குடிக் கோயிலின் திருப்பீடத்தின்கீழ் அடக்கம் செய்தனர். அரை நூற்றாண்டுக்கு முன் தனியே நடந்து வந்த ஊருக்கு, இறுதியில் அவ்வூராராகவே வந்து சேர்ந்தார் ஐயர். எலிசா அம்மையார் 1899ஆம் ஆண்டில் காலமானார்.

தமிழ் மக்கள் நன்றி மறந்திலர். 1968ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, கடற்கரையில் கால்டுவெல் ஐயருக்குச் சிலை நாட்டினர். இடையன்குடியில் அவர் குடும்பத்தோடு வாழ்ந்த இல்லம் பழுது பார்க்கப்பெற்று, 2011ஆம் ஆண்டில் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது.

மாணவர்களே! வளமான இடம் வாய்த்தால் அரும்பணி செய்வோம் என்று காத்திருப்பார் பலர். நூலகமும் நண்பர் குழுவும் இல்லாத ஒரு மணற்காட்டுச் சிற்றூரிலே கால்டுவெல் தம் ஆராய்ச்சியை நடத்தினார். கணவருக்கு மொழியும், பெண்களுக்கு எழுத்தும் தொழிலும் கற்பித்து எலிசா அம்மையார் அவ்வில்லத்துக்கு விளக்காயினார். வந்த இடத்து மக்களிடம் அவர்கள் கற்பித்தது பெரிது. கற்றுக் கொண்டதும் சிறிதன்று. பனை தனக்கு நீர் ஊற்றுவார் இல்லையே என்று வாடுவதில்லை. ஆழ வேரூன்றி, கிடைத்த ஈரத்தை உண்டு, ஊருக்கெல்லாம் பயன் தருகின்றது. தேரி நிலத்தில் வேரூன்றிய அக்குடும்பத்தின் வாழ்வும் அப்பனையைப் போன்றதே. நாமும் வாழும் ஊர் எதுவாயினும், அங்குள்ளாரோடு கலந்து, அறியாதன கேட்டறிந்து, தொடங்கிய பணியை முடிக்கும் உறுதி பெறுவோமாக.